இல்லமும் தோட்டமும்: எந்தச் செடிக்கு எந்த இடம்?

புது வீடு கட்டிக் குடியேறுகின்றவர்கள், பால் காய்ச்சிய அடுப்பு ஆறுமுன் நாற்றுப் பண்ணைக்குச் சென்று ஒரு வண்டி நிறையச் செடிகளை வாங்கி வந்துவிடுகிறார்கள். சென்ற ஆனி மாதத்தில் மோகனூரில் ஒரு வீட்டில் நான் கண்ட காட்சியும் இதுவே. முற்றத்தில் முப்பத்துநான்கு செடிகள், கறுப்புப் பைகளில், வாடிய தலையுடன் வரிசையாக நின்றன. தென்னை நான்கு, மா இரண்டு, சப்போட்டா ஒன்று, எலுமிச்சை ஒன்று, கொய்யா, மாதுளை, சீத்தா, அழகுக்கென்று குரோட்டன்ஸ் வகைகள் பல, மஞ்சள் அரளி மூன்று. வீட்டு மனையோ ஐந்து சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மேல். வீடு, கழிவுநீர்த் தொட்டி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியன போகத் தோட்டமென எஞ்சியிருந்தது எண்ணூறு சதுர அடிக்கும் குறைவே. தென்னை ஒன்றுக்கொன்று 25 அடி விட்டு நடப்பட வேண்டும் என்பது விதி. அவ்விதியைக் காத்தால் அந்த நான்கு தென்னைகளுக்கு மட்டுமே அதைப்போல் மும்மடங்கு நிலம் வேண்டும்.

அந்தக் குடும்பம் முன்பு காவிரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்தது. 2018 ஆகஸ்டிலும், மீண்டும் 2022 ஆகஸ்டிலும், மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கரையோரத் தாழ்வுகளில் ஏறிய நீர் அவர்கள் கொல்லைக்கும் வந்துவிட்டது. இரண்டாம் முறை தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியபின், மேட்டுப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினர். வீட்டுத் தலைவர் சர்க்கரை ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார் எண்பதை நெருங்குகிறவர். இளமை முதல் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியும் கொடி கட்டியும் வாழ்ந்தவர்.

பழைய கொல்லையில் என்னென்ன இருந்தனவோ அவையனைத்தும் இங்கும் வேண்டும் என்பது மகனின் எண்ணம். அவருடைய மனைவியாருக்கோ முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டு, ஓரங்களில் அழகுச் செடிகளைத் தொட்டிகளில் வைத்தால் போதும். "பெருக்கிக் கூட்டுவது நான்தானே?" என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பாட்டியார் இருவர் பேச்சிலும் கலந்துகொள்ளாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். "அம்மா, உங்களுக்கு என்ன செடி வேண்டும்?" என்று கேட்டேன். "ஏனுங் தம்பி, கொடி ரெண்டு இருந்தாப் போதுமுங்க. கடையில வாங்குற வெத்தலை வாயில வெக்க முடியலீங்க" என்றார். மகன் சிரித்தார். "இந்தக் கப்பிமண்ணில் வெற்றிலையாவது, வருவதாவது!" என்றார். அவர் கூறியதில் பாதி உண்மை.

ஆற்றங்கரை மண் வேறு, மேட்டு மண் வேறு. காவிரி வெள்ளம் ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்த வண்டலும், ஜேடர்பாளையத்திலிருந்து பிரிந்து வரும் ராஜவாய்க்கால், அதன் கிளையான மோகனூர் வாய்க்கால் ஆகியவற்றின் பாசனமும் சேர்ந்துதான் இப்பக்கத்து வாழைக்கும் வெற்றிலைக்கும் கோரைக்கும் உயிர் கொடுத்து வருகின்றன. வாய்க்காலுக்கு மேலே அரை மைல் ஏறிவிட்டால் செம்மண்ணும் சரளையுமாகிறது. இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதுவும் புரட்டாசி முதல் கார்த்திகை வரை பெரும்பகுதி கொட்டிவிடும். ஆகவே மேட்டு வீட்டில் தோட்டம் போட விரும்புவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'எனக்கு எந்தச் செடி பிடிக்கும்?' என்பதன்று. 'சித்திரை மாதத்தில் என் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும்?' என்பதே. காய்ப்புக்கு வந்த தென்னை ஒன்று கோடையில் நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்கும் மேல் கேட்கும். நான்கு தென்னைக்குக் கணக்கிட்டுக் காட்டியபோது, வீட்டுத் தலைவர் ஆழ்துளைக் கிணற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தண்ணீரின் அளவு போலவே அதன் குணமும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாய் இருக்கிறது. பாய்ச்சிய இடத்தில் வெண்மையாய்ப் படிவது, இலை விளிம்பு கருகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். எலுமிச்சை, நாரத்தை இனங்கள் உப்பைச் சிறிதும் பொறுப்பதில்லை. தென்னை, சப்போட்டா, மாதுளை ஆகியவை ஓரளவு தாங்கும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்தில் மண்ணையும் நீரையும் சோதித்துச் சொல்வார்கள். செடி வாங்குமுன் செய்யவேண்டிய செலவு இது. வாங்கியபின் செய்பவர்களே அதிகம்.

அடுத்து வெயில். இதைப் பலரும் திசையறிவோடு நின்று பார்ப்பதில்லை. மோகனூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. ஆதலால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. வைகாசி, ஆனியில் வீட்டின் வடக்குச் சுவரடியிலும் வெயில் விழுவது இதனாலேயே. மார்கழியிலோ தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. அப்போது பத்தடி உயர வீட்டின் நண்பகல் நிழல் வடக்கே ஏழடி வரை நீள்கிறது. வடக்குச் சுவரிலிருந்து மூன்றடியில் மல்லிகையை வைத்துவிட்டு, "இலையாக வளர்கிறது, பூக்கவில்லையே" என்று வருந்துவோர் பலர். மல்லிகைக்கு முழு வெயில் வேண்டும். அதைத் தெற்கிலோ கிழக்கிலோ வைத்து, கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி முதல் பூக்கும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி போன்ற நிழலைப் பொறுக்கும் செடிகளுக்கு வடக்குச் சுவரோரம் வீடு போன்றது.

வீட்டை வாட்டுவது மேற்கு வெயில். அதைத் தடுக்க ஒரு மரம் வைக்கலாம் என்றால் எல்லாரும் தென்மேற்கு மூலையைக் காட்டுகிறார்கள். கோடையில் சூரியன் நேர் மேற்கிலன்றி வடமேற்கே சாய்ந்து மறைகிறது. ஆகவே தென்மேற்கில் நின்ற மரத்தின் மாலை நிழல் வீட்டைத் தொடாமல் தெற்கே விலகிப் போய்விடும். மேற்குச் சுவருக்கு நேர் எதிரே, சற்று வடக்குத் தள்ளி வைப்பதே பயன் தரும். எந்த மரம்? நான் புங்கையைச் சொன்னேன். மாசி, பங்குனியில் இலையுதிர்த்துவிட்டுச் சித்திரை வெயில் முற்றுமுன் புதுத் தளிர் போர்த்திக்கொள்கிறது. வறட்சியைத் தாங்குகிறது, ஆடிக் காற்றில் முறிவதில்லை. வேம்பும் நல்லதே, ஆனால் அது பெருமரம். சிறு மனைக்கு, சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி வைக்க இடமிருந்தால் மட்டுமே அதை நினைக்கலாம்.

காற்றைப் பற்றி இப்பக்கத்தவர்க்குச் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடி மேல்காற்று கரூரையும் நம் பகுதியையும் ஒரு கை பார்த்துத்தான் செல்லும். வாழை, பப்பாளி, முருங்கை மூன்றும் காற்றுக்கு அஞ்சுபவை. வீட்டின் கிழக்குப் பக்கமே அவற்றுக்குரிய இடம். வீடே காற்றுக்குத் தடுப்பாகிவிடும்.

இத்தனையும் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாட்டியார் திண்ணையிலிருந்து, "கொடிக்கால்லயும் அப்பிடித்தானுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு செடியை இன்னொரு செடிக்குத் துணையாக வைக்கும் கலைக்குக் கொடிக்காலைவிடச் சிறந்த பள்ளி எது? முதலில் பாத்தி எடுத்து, இரு பாத்திகளுக்கிடையே நீர் வடியும் வாய்க்கால் வெட்டுகிறார்கள். பாத்தியில் அகத்தி விதையை நெருக்கமாக வரிசையில் ஊன்றுகிறார்கள். வாய்க்காலோரத்தில் வாழை வைக்கிறார்கள். அகத்தி எழுந்து நிழல் கட்டிய பிறகே வெற்றிலைக் கொடியை அதன் அடியில் பதிக்கிறார்கள். அகத்தி, கொடிக்குக் கொழுகொம்பாகவும் குடையாகவும் நிற்கிறது; பயறு இனமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. வாழை காற்றையும் வெயிலையும் தணிக்கிறது. கொடியைக் கட்டுவதற்கு நாரையும் தருகிறது. நாள் முழுவதும் ஈரம் வேண்டும். ஆனால் நீர் ஒரு நாளும் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் ஒரு வரிசையையே கொண்டுபோய்விடும். அகத்தி பன்னிரண்டு, பதின்மூன்று அடி உயர்ந்ததும் தலையைக் கிள்ளி நிறுத்துகிறார்கள். இவையனைத்தும் அந்த அம்மையார் எழுத்தறியாமலே அறிந்தவை. நான் புத்தகத்தில் படித்து அறிந்ததை அவர் முதுகு வளைத்து அறிந்திருந்தார்.

ஆகவே மகன் சிரித்தது பாதி தவறு. ஏக்கர் கணக்கில் மேட்டு மண்ணில் வெற்றிலை வராது, உண்மை. இரண்டு கொடிக்கு வேண்டிய வண்டலை ஆறேழு சாந்துச் சட்டியில் கொண்டுவந்துவிடலாம். வேண்டியது நிழலும் ஈரமும் வடிகாலும் மட்டுமே. அந்த வீட்டின் வடகிழக்கில், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால், மதிலின் மறைவில் அப்படி ஓர் இடம் இருந்தது. கல்லுக்கும் கொடிக்கும் நடுவில் வாழையை வைத்துவிட்டால் துவைக்கும் நீரை வாழை முதலில் குடித்துக்கொள்ளும்.

துவைக்கும் நீரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சமையலறையில் அரிசி, காய்கறி கழுவிய நீர் எச்செடிக்கும் நல்லது. குளித்த நீரை வாழையும் கல்வாழையும் சேம்பும் மனமொப்பி ஏற்கும். சலவைத் தூள் கலந்த முதல் நீர் அப்படியன்று. அதிலுள்ள சோடா உப்பு நாளடைவில் மண்ணை இறுக்கிக் களராக்கிவிடும். முதல் நீரைச் சாக்கடையில் விட்டு, அலசிய நீரை மட்டும் வாழைக்குத் திருப்புங்கள். கீரைப் பாத்திக்கு இரண்டுமே வேண்டா. கழிவுநீர்த் தொட்டியின் அருகே கீரையும் கிழங்கும் போடாதிருப்பது நலம். பெருமரமும் அங்கே ஆகாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குரிய குழியின் மேலும் மரம் வைக்காதீர்கள். வேர் போய் அடைத்துவிடும்.

வாழையில் எது? இப்பக்கத்தில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் எல்லாம் கிடைக்கின்றன. மேட்டு வீட்டுக்குக் கற்பூரவல்லியோ மொந்தனோ போதும். ஓரளவு வறட்சியைப் பொறுக்கும். தாய்மரம் தார் தள்ளும் வரை பக்கக் கன்றுகளை வெட்டிவிட்டு, பின்பு ஒன்றை மட்டும் விட வேண்டும். இரக்கப்பட்டு எல்லாக் கன்றுகளையும் விடுகிறவர்களுக்கு இலைதான் கிடைக்கும், காய் கிடைக்காது. பந்திக்கு இலை வேண்டியவர்கள் அப்படியே விடலாம்!

முருங்கை வீட்டு முன் ஆகாது என்று பெரியோர் கூறுவதைப் பேய் பிசாசோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். காரணம் எளியது. முருங்கைக் கிளை சிறு காற்றுக்கும் மடமடவென்று முறியும். அதில் ஏறிய சிறுவன் கிளையோடு விழுவான். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அடை அடையாய் மொய்க்கும். அங்கிருந்து சன்னல் வழியே கட்டிலுக்கு வரும். ஆதலால் வாயிலுக்கும் சன்னலுக்கும் எட்டவே கிழக்கு மூலையில் வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை மூன்றடிக்கு வெட்டிவிட்டால் கையெட்டும் உயரத்தில் கீரையும் காயும் பறிக்கலாம்.

கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் அடுத்தடுத்து வைப்பது நம் வழக்கம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இரண்டையும் தின்னும். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும். ஒன்றில் வந்தது மற்றொன்றுக்குத் தாவ நாமே பாலம் கட்ட வேண்டியதில்லை. ஒன்று முன்புறமும் மற்றொன்று பின்புறமும் இருக்கட்டும். கறிவேப்பிலைக்கு அடுக்களைக் கதவருகே முழு வெயில் படும் இடம் பொருத்தம். கொதிக்கும் குழம்பை விட்டு ஐம்பதடி யார் நடப்பார்? அதன் வேரைக் கொத்திக் காயப்படுத்தாதீர்கள். காயம்பட்ட வேரிலிருந்தெல்லாம் கன்றுகள் கிளம்பும். புளித்த மோரை ஊற்றுகின்ற பழக்கத்தை நான் தடுப்பதில்லை. ஊற்றுகின்ற கை நாளும் செடியைப் பார்க்கிறதல்லவா!

பப்பாளி ஓரிரு நாள் நீர் தேங்கினாலே மாளும். மேடான குழியில் மூன்று கன்றாக நட்டு, பூத்தபின் ஆண் கன்றைக் களைய வேண்டும். பப்பாளியில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சியைக் கண்டு மரத்தையே வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்ட அந்தப் பூச்சி, இரண்டே ஆண்டுகளில் நம் மாநிலத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களைப் பாழாக்கியது. மருந்து அடித்து மாளவில்லை. 2010-இல் மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவே உள்ள குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகி அதை அடக்கின. அக்குளவிகள் இன்றும் நம் தோட்டங்களில் உள்ளன. நாம் கடும் நஞ்சைத் தெளித்தால் முதலில் மடிபவை அவையே. ஓரிரண்டு இலையில் கண்டால் கிள்ளியெறிந்து, நீரை வேகமாய்ப் பீய்ச்சினால் போதும்.

இனி அந்த மஞ்சள் அரளிகள். நான் சற்றே கடுமையாகப் பேசியது இவ்விடத்தில்தான். அந்த வீட்டில் இரண்டு வயதுப் பேரன் ஒருவன், பைகளிலிருந்த மண்ணை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் அரளியின் விதையும் இலையும் பாலும் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. செவ்வரளியும் அப்படியே. பூ அழகு, மாடு மேயாது, தண்ணீர் கேட்காது என்பதால் நெடுஞ்சாலைகளின் நடுவே வளர்க்கிறார்கள். நெடுஞ்சாலையின் நடுவே குழந்தைகள் விளையாடுவதில்லை. வேலியில் நிற்கும் காட்டாமணக்கின் கொட்டையைக் கடலையென்று எண்ணித் தின்ற பள்ளிச் சிறுவர்கள் வாந்தியும் பேதியுமாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகளை நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, கள்ளி வகைகள், இப்போது கூடங்களில் தொட்டியில் வைக்கும் அகன்ற புள்ளி இலைச் செடியான டிஃபன்பாக்கியா ஆகிய அனைத்தும் குழந்தையுள்ள வீட்டுக்கு ஆகாதவை. குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தின்ற செடியின் ஒரு கொத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால், வேறெதையும் ஊற்றாமல், நல்ல நீரால் கால்மணி நேரம் விடாது கழுவிய பின் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அழகுக்குத்தானுங்க ஐயா வாங்கினேன்" என்றார் மருமகளார், முகம் வாடி. அழகு வேண்டாமென்று யார் சொன்னது? நந்தியாவட்டை இருக்கிறது. செம்பருத்தி இருக்கிறது. பவளமல்லி இருக்கிறது, விடியலில் முற்றத்தில் பூவை உதிர்த்து வைத்திருக்கும், பெருக்குவதற்கும் மனம் வராது. அரை நிழலில் கனகாம்பரம் பூக்கும். கோயில் பீடத்துக்குப் பூச்சாடி நிரப்பும் முறை வரும் வாரத்தில், கடைக்கு ஓடாமல் கொல்லையிலேயே கொய்துகொள்ளலாம். வேலிக்கு அரளிக்குப் பதிலாக ஆடாதோடையும் நொச்சியும் மாறி மாறி வைக்கலாம். ஆடு தொடாது என்பதாலேயே அப்பெயர் வந்தது என்பார்கள். மேட்டுத் தெருவில் அவிழ்த்துவிட்ட ஆடுகள் எத்தனையென்று அங்கே நின்றபோதே எண்ணினேன், பதினொன்று.

தென்னைக்கு வருகிறேன். இதில் எனக்கே பட்ட அனுபவம் உண்டு. முப்பதாண்டுகளுக்கு முன்பு, என் வீட்டின் பக்கவாட்டில், சுவரிலிருந்து ஆறடியில் ஒரு தென்னம்பிள்ளையை வைத்தேன். "தள்ளி வையுங்கள்" என்று என் மனைவி கூறியதற்கு, "தென்னை வேர் சுவரைப் பிளக்காது" என்று விளக்கம் சொன்னேன். வேர் பிளக்கவில்லை, அது உண்மை. சுவரோரத்துக் கன்று வெளிச்சம் தேடி வெளிப்பக்கம் சாய்ந்து வளர்ந்தது. வெளிப்பக்கம் என்பது அடுத்த வீட்டுக் கூரை. ஏழாம் ஆண்டில் காய்த்தது. பத்தாம் ஆண்டில் அவர்கள் ஓடுகள் உடையத் தொடங்கின. மாற்றிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவ்வீட்டுப் பெண்மணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நெற்று விழுந்தது. அன்று முதல் அவர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். பதினேழாம் ஆண்டில், நல்ல காய்ப்பிலிருந்த மரத்தை ஆள் வைத்து வெட்டினேன். வெட்டியதற்குப் பின்பும் அந்த வீட்டோடு பேச்சு திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின. என் மனைவி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. குருத்தை மட்டும் அரிந்து தெருப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். முதற் பங்கு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

ஆகவே நான்கு தென்னையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவும் வீட்டிலிருந்தும் மதிலிலிருந்தும் பன்னிரண்டு அடியாவது விலகி, மக்கள் நடமாடாத பின்மூலையில், மூன்றடி நீள அகல ஆழக் குழியில். அவ்வளவு தூரம் எங்குமில்லாதவர்கள் தென்னையை மறந்துவிடுவதே நன்று. நான்கு வீட்டுக்கு ஒருவர் தென்னை வைத்து, மற்றவர்கள் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் தெருவே ஒரு தோட்டமாகும். மா இரண்டையும் ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிட முடிவாயிற்று. அங்கே அவை அகல நிற்க இடமுண்டு. சப்போட்டாவைத் தெற்கு மதிலோரம் வைத்து, பரவாமல் வெட்டிவரலாம். கொய்யாவும் மாதுளையும் சிறு மரங்களே, கவாத்துக்கு இணங்குபவை. இவற்றுக்கு இரண்டடிக் குழி போதும். குழியை வெட்டியவுடனே நடாமல், மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, இரண்டு வாரம் வெயிலும் காற்றும் பட விடுங்கள். நெருக்கமாய்த் தோன்றும் செடியைவிட விலகித் தோன்றும் செடியே ஐந்தாண்டில் சரியாய் இருக்கும். இப்போது வெற்றிடமாய்த் தெரிகிறதே என்றால், அவ்விடத்தில் ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை போடலாம்; அரைக்கீரையும் தண்டுக்கீரையும் மூன்று வாரத்திலேயே கைக்கு வரும். அவரைக்குத் தனிப் பந்தல் வேண்டும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய்க்கும்.

சிமெண்டுத் தளம் பற்றிய வழக்கும் தீர்ந்தது. வாயிலிலிருந்து துவைக்கும் கல் வரை மூன்றடி அகலத்தில் ஒரு பாதை மட்டும். முழுவதும் மூடினால் மழைநீர் தெருவுக்குப் போகும். மூடிய தளம் பகலில் ஏற்ற சூட்டை இரவெல்லாம் வீட்டுக்குள் ஊதும். பெருக்கும் வேலையைப் பொறுத்தவரை, உதிர்ந்த இலையை வெளியே கொட்டாமல் மரத்தடியிலேயே தள்ளிவிடலாம். மண்ணின் ஈரம் காக்கும். இதைக் கேட்டதும் மருமகளார் முதன்முறையாகச் சிரித்தார். தொட்டிகளின் அடித் தட்டில் மட்டும் நீர் நிற்கவிடாதீர்கள். டெங்குக் கொசு அந்த இரண்டு விரல் நீரில்தான் முட்டையிடுகிறது.

ஐப்பசியில் மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. அரளிகள் இல்லை. புங்கை பிடித்துக்கொண்டு இரண்டு முழம் உயர்ந்திருந்தது. வடகிழக்கு மூலையில் பாட்டியார் தாமே ஊன்றிய அகத்தி ஆளுயரத்துக்கும் மேலே நின்றது. அதன் அடியில் உறவினர் கொடிக்காலிலிருந்து கொணர்ந்த இரண்டு கொடிகள். மருமகளார் ஏணிப்படியில் ஏறி வாழைநாரால் கொடியைக் கட்டிக்கொண்டிருக்க, "அம்மிணி, இறுக்காதே, கணு நோகும்" என்று பாட்டியார் கீழிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் பறிக்கும் பருவம் வரவில்லை. எலுமிச்சை மட்டும் பையிலேயே இருந்தது. நீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்களாம். முடிவு வந்தபின் இடம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வரத் தொடங்கியிருந்ததால், அதுவரை சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.